எட்டடி பின்னால்

"இது நானா? மூக்கு முதல்ல வருது... நான் பின்னாடி வாரேன்!"

கிருபா படத்தை ஸ்டுடியோ மேசையில் எறிந்தாள். நாரணாபுரம் பள்ளிக்கூடத்து டீச்சர். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டாசு காயாத மழை. கம்பெனிகளுக்கு லீவு, தெரு வெறிச்சென்று கிடந்தது.

"இருக்கறதுதான் விழும்," என்றான் படம் எடுத்த நேசகுமார்.

பெரிய கண்கள் அவளுக்கு. கோபத்தில் விரிந்தவை மெல்லக் கலங்கின...

"ரெண்டு மாப்பிள்ள வீட்டுல படத்தப் பார்த்தே வேண்டாம்னுட்டாக. நாளைக்குத் தரகர் விருதுநகர் போறாரு. இதையா குடுத்தனுப்ப?"

அவள் பார்வை சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் போனது. பெர்சிஸ்... அவன் மனைவி. மஞ்சள் காமாலையில் போய் ஏழு மாதம். படத்தில் அவளுக்கும் மூக்கு பெருத்து, காதுகள் ஒதுங்கியிருந்தன.

"அக்காவையும் இந்த லென்ஸ்லதான் எடுத்தீகளா?"

உண்மைதான். சின்ன அறை. அகன்ற லென்ஸ். கிட்ட நின்று எடுத்தால் அப்படித்தான் விழும். ஊர்ப் பெண்களையெல்லாம் எடுத்தவன், மனைவியை ஒரே ஒரு தடவை எடுத்தான். அதுவும் ஃப்ளாஷ் எரிகிறதா என்று பார்க்க. "நல்ல லென்ஸ் வாங்கி எடுப்போம்" என்று சொல்லியிருந்தான். எண்பத்தைந்து எம்.எம்., முகத்தை உள்ளபடி காட்டும் லென்ஸ். மதுரையிலிருந்து பார்சல் வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். பிரிக்கவேயில்லை. இப்போது அவளை நினைத்தாலும் அந்தப் படத்து முகம்தான் வந்தது.

பீரோவைத் திறந்தான். பார்சலைப் பிரித்து, லென்ஸை கேமராவில் மாட்டினான்.

இதற்கு எட்டடி தள்ளி நிற்க வேண்டும். பின்னால் நகர்ந்தான்... வாசலுக்கு, படிக்கு. முதுகில் மழை அறைந்தது.

"ஐயோ, நனையிறீக!"

"அசையாதீக."

லென்ஸுக்குள் மூக்கு தன் இடத்துக்குப் போயிற்று. முகம் அமைதியாகத் திரண்டது. கண்கள் மட்டும் அவனுக்காகப் பதறின... இப்படி அவனை யாரும் பார்த்து ஏழு மாதம்.

பெர்சிஸுக்கென்று வாங்கியது. அழுத்தினான்.

"டீச்சர்... நான் இன்னும் தேறல. தேறுவேனான்னும் தெரியல." "ஆனா இந்தப் படத்த விருதுநகர்ல ஒருத்தன் பார்க்கறது... எனக்குப் பிடிக்கல."

சொன்ன பிறகு சுவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிருபா குடையை எடுத்தாள். படியில் இறங்கும்போது, தன் கைக்குட்டையை அவன் கையில் வைத்தாள்.

"படம் சரியா விழலன்னு தரகர்கிட்ட சொல்லிருதேன்... நீங்க மொதல்ல தலையத் துவட்டுங்க."