சுகந்தியைச் செதுக்கியவர்கள்

"இதுல அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள் யாழிசை.

ஜெயபிரகாஷ் சுவர்த்திரையை உற்றுப் பார்த்தார். மேகமலைத் தேயிலைத் தோட்டம், பனி விலகுகிற நேரம். படத்தை எடுத்தது அவர்தான். நடுவில் இருந்த பாறைமேல் சுகந்தி காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது பாறைமேல் ஓர் இருவாச்சிப் பறவை உட்கார்ந்திருந்தது. இருவாச்சி அப்படிப் பாறையில் வந்து குந்துகிற பறவையே இல்லை. ஓட்டுப் போட்டவர்களுக்கு அது தெரியவில்லை.

"பறவை வைக்கலாம்னு ஓட்டு விழுந்துச்சும்மா. அந்த வாரத்துச் சிறந்த படம்னு மகுடம் நமக்குத்தான்" என்றார், குரலை இறக்கி.

யாழிசையின் அம்மா சுகந்தி போன வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். மதுரையிலேயே பெயர் பெற்ற பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் வீட்டில் அந்த ஒரு படத்துக்கு அல்லாட்டமாக இருந்தது.

முன்பெல்லாம் ஒளிமன்றம் என்ற இணையப் புகைப்படக் குழுவில் படம் போட்டால் நாலு பேர் வந்து கருத்து எழுதுவார்கள். 'வலது ஓரம் இடிக்கிறது', 'ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்'. படம் போட்டவர் நன்றி சொல்லிவிட்டு, எழுதியவரை மனதுக்குள் திட்டிவிட்டு, அதோடு விட்டுவிடுவார். பிறகு செதுக்கி வந்தது. அது ஒரு கணிப்பொறி மூளை. எழுதப்படும் கருத்துகளைப் படித்து, அவற்றில் மாற்றம் எதுவும் கேட்கப்பட்டிருந்தால் உடனே உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விடும். பெரும்பான்மை சரி என்றால் படத்தையே மாற்றிவிடும். அதே காலத்தில் உலகத்துப் படக்கிடங்குகளெல்லாம் நிரம்பி வழிய, அரசுகள் கூடி ஒருபடி விதியைக் கொண்டுவந்தன. ஒரு படத்துக்கு ஒரே ஒரு படிதான், காகித அச்சுகூடக் கூடாது. கைபேசியில் தெரிவதும் சுவரில் தெரிவதும் அந்த ஒன்றை எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். திரையைப் படம் பிடித்தாலும் கேமரா அடையாளம் கண்டுகொண்டு இன்னொரு ஜன்னலைத்தான் திறக்கும். அடையாள அட்டையில்கூட முகம் போய்க் கண்விழி ரேகை வந்துவிட்டது. ஆக, செதுக்கிய பிறகு பழைய படம் என்று ஒன்று எங்கும் கிடையாது.

ஆரம்பத்தில் சிலர் பயந்தார்கள். ஒவ்வொரு முறையும் படம் முன்னைவிட நன்றாகவே வந்ததால் பயம் விட்டுப்போயிற்று. மன்றத்தில் போடாத படத்தை யாரும் தொட மாட்டார்கள்தான். ஆனால் நாலு பேர் பார்க்காத படம் என்ன படம்? ஜெயபிரகாஷ் எடுத்த அத்தனையையும் மன்றத்தில்தான் போட்டார்.

அவர் அங்கே மூத்த உறுப்பினர். அவர் எழுதினால் ஓட்டு தோற்காது. யார் வீட்டுக் கல்யாணப் படமாக இருந்தாலும் அவர் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் போட்ட படத்தில், பின்னால் நிற்கும் கிழவர் கவனத்தைக் கலைக்கிறார் என்று எழுதினார். கிழவர் காணாமல் போனார். அது அந்தப் பையனின் தாத்தாவாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஜெயபிரகாஷ் வருத்தப்படவில்லை. படம் அருமையாக வந்திருந்தது, அவருக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது சுகந்தியின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றில் அவள் வெறும் கறுப்பு நிழலுருவாக இருந்தாள். இன்னொன்றில் சமையலறை ஆவி முகத்தை மூடியிருந்தது, மர்மம் கூட வேண்டும் என்று யாரோ கேட்டதால். யாழிசையின் கல்யாணப் படத்தில் முகம் இருந்தது.

"நகைக்கடை விளம்பரத்துல வர்றவங்க மாதிரி இருக்காங்க" என்றாள் யாழிசை. "நீங்க எடுத்தத எல்லாம் விடுங்கப்பா. நீங்க எடுக்குறீங்களேன்னு நான் ஒண்ணுகூட எடுத்து வைக்கல. வேற யாராச்சும் அம்மாவ எடுத்திருக்காங்களான்னு பாருங்க."

மன்றத்தின் முகந்தேடியை ஓடவிட்டார். ஒரே ஒரு படம் வந்தது. போட்டவர் தமீம். திருச்சியில் செருப்புக் கடை வைத்திருப்பவர். மன்றத்திலேயே மோசமாகப் படம் எடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். பல வருடங்களுக்கு முன் உறுப்பினர்கள் குடும்பத்தோடு தரங்கம்பாடிக்குப் போயிருந்தபோது எடுத்தது அது. கடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மேல் மூலையில் தமீமின் கட்டைவிரல். வலப்பக்கம், அவர்கள் ஏறி வந்த வேனில் பாதி. நடுவில் சுகந்தி, ஒரு கையில் பிளாஸ்டிக் கப்போடு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வகிட்டில் சாயம் போய் வெள்ளை தெரிந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

கீழே ஒரு கருத்துகூட இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் சீந்தவில்லை. அதனால் யாரும் அதைச் செதுக்கவும் இல்லை.

ஜெயபிரகாஷ் வாய்விட்டு அழுதார். மனைவி இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. யாழிசை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அப்படியே இருக்காங்கப்பா. இத அப்படியே சுவர்ல போட்டிருங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, வந்திருந்த உறவுக்காரர்களுக்கு டீ போட எழுந்து போனாள்.

ஆனால் மன்றத்தில் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் படத்தைத் தன் சுவருக்கு எடுத்துக்கொள்பவர் அதன் கீழே ஒரு வார்த்தை எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எழுதாமல் எடுப்பது ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்புவது போல. மற்றவர்களிடம் இதைக் கறாராக வற்புறுத்தி வந்தவரே ஜெயபிரகாஷ்தான்.

எழுதினார்: 'தமீம், இது என் மனைவி சுகந்தி. போன வாரம் காலமாகிவிட்டாள். அவள் முகம் அவள் முகமாகவே இருக்கும் ஒரே படம் இது. இதற்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்?'

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆயுசுப் பழக்கம் விரலை விட்டுப் போகுமா? 'அடிவானம் மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கிறது, நேராக்கியிருக்கலாம்' என்றும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டார்.

இரங்கல்கள் குவிந்தன. அவருடைய கருத்து எங்கே விழுந்தாலும் அங்கே ஆயிரம் பேர் கூடுவார்கள், அன்றும் கூடினார்கள். செதுக்கி அந்தக் கடைசி வரியை எடுத்து ஓட்டுக்கு விட்டது. கடல் நேராயிற்று. நேராக்கும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டு, கட்டைவிரலும் வேனும் போயின. பார்த்த ஜெயபிரகாஷுக்கு முதலில், 'பரவாயில்லை, இப்போது நன்றாகத்தான் இருக்கிறது' என்று தோன்றியது. அந்த நினைப்புக்காக அவர் பிற்பாடு தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

அடுத்த கருத்து வந்தது. 'அஞ்சலிப் படமல்லவா, அம்மா கையில் பிளாஸ்டிக் கப் வேண்டாமே.' கப் மறைந்தது, கைகள் கூப்பிக்கொண்டன. 'வகிட்டில் அந்த வெள்ளை உறுத்துகிறது.' வகிடு கறுத்தது. 'வாய் மூடியிருந்தால் சாந்தமாக இருக்கும்.'

ஜெயபிரகாஷ் பதறிப்போய், 'யாரும் கை வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்' என்று எழுதினார். செதுக்கி அதையும் ஒரு முன்மொழிவாக எடுத்துக்கொண்டு ஓட்டுக்கு விட்டது. அவர் எழுதித் தோற்ற முதல் ஓட்டு அதுதான். 'சார், நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர் அன்பாகப் பதில் எழுதியிருந்தார். அங்கே கெட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நல்லது செய்யத்தான் வந்திருந்தார்கள்.

திருச்சிக்கு அழைத்தார். "தமீம், அந்தப் படத்த உடனே எடுத்துருங்க! புண்ணியமாப் போகும்."

"அண்ணே, நானும் அதத்தான் அமுக்கிப் பாக்குறேன். ஓட்டு ஓடிக்கிட்டு இருக்கறப்ப எடுக்க முடியாதுங்குதுண்ணே."

"எவன்யா வச்சான் அப்படி ஒரு விதிய?"

"நீங்கதாண்ணே" என்றார் தமீம், தயங்கித் தயங்கி. "அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி தாத்தாவக் காப்பாத்தணும்னு பாதி ஓட்டுல படத்த எடுத்துட்டு ஓடப் பாத்துச்சுல்ல. அப்ப நீங்கதான் கொண்டாந்தீங்க."

ஓட்டு நிற்காமல் ஓடியது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடுகள் மூடின. கண்ணாடி போயிற்று. யாழிசை டீத் தட்டோடு திரும்பி வந்தபோது சுவரில் யாரோ ஒரு பெண்மணி கைகூப்பி அமைதியாக நின்றிருந்தாள். கீழே வார மகுடம் மின்னியது. தமீமுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் மகுடம்.

யாழிசை தட்டைக் கீழே வைத்தாள். கருத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தாள். அப்பா எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தாள். அதன் பிறகு அவள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

காரியத்துக்கு முந்தின நாள்வரை ஜெயபிரகாஷ் திரைமுன்னாலேயே கிடந்தார். போனதைத் திரும்பச் சேர்க்கக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அதன் பிறகும் ஓட்டு இருக்கிறது. பல்லிலிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தார். அவள் சிரிப்பே அந்தப் பல்லில்தானே இருந்தது. 'வாய் திறந்து சிரிக்க வேண்டும். முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்' என்று எழுதினார்.

'எந்தப் பல் மேலே? இடப்பக்கமா, வலப்பக்கமா?' என்று கேட்டது செதுக்கி.

அவர் விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. கண்ணை மூடிப் பார்த்தார். சுகந்தி சிரிக்கிறாள், பேசுகிறாள், கத்தரிக்காய் பேரம் பேசுகிறாள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து அவள்மேல் விழுந்தது என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. பல் மட்டும் வரவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் முகத்தை நான் பார்க்கவே இல்லையா என்று நினைத்தார்.

யாழிசை கூடத்தில் உட்கார்ந்து மாலைக்குச் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் போய் நின்றார்.

"யாழி, அம்மாவுக்கு எந்தப் பல்லும்மா மேல ஏறியிருக்கும்? உனக்கு நெனவிருக்கா?"

"இருக்கு" என்றாள் யாழிசை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "சொல்ல மாட்டேன்ப்பா. சொன்னா அதையும் கொண்டுபோய் ஓட்டுக்கு விட்டுருவீங்க."