கதவு எண் இரண்டு

“நாளெல்லாம் சர்வரோடதான் குடும்பம் நடத்துறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேச நேரமில்ல.”

“உள்ள போனை விடமாட்டாங்கடி. சர்வர் கன்சோல்ல தட்டி விடறேன், உன் லாக்ல பாத்துக்கோ. ‘கதவு எண் 2’ன்னு ஆரம்பிச்சா மேனேஜர் எட்டிக்கூடப் பாக்கமாட்டார். அந்தப் பழுதுக் கதவோட அலாரம் சும்மாவே கத்திக்கிட்டுத்தானே இருக்கு!”

கல்யாணமான புதிதில் கணவன் சொன்னது. அவன் நகரத்தின் மறுகோடியில், சர்வர் அறைக்குள். அவள் வீட்டு மேஜையில் அமர்ந்தபடி அந்த சர்வர்களின் லாக் பதிவுகளைக் கண்காணித்தாள். ஆயிரம் வரிகளுக்கு நடுவே ஒன்று வரும். ‘கதவு எண் 2: கோபம் போச்சா?’ தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

பிறகு ஒரு தணிக்கை வாரம். பதிவில் குப்பை அதிகம் என்று மேனேஜர் கடிந்துகொண்டார். அன்று காலை கணவனோடு சண்டை வேறு. கதவு எண் இரண்டின் வரிகள் வந்த உடனே அழியட்டும் என்று ஒரு கட்டளை எழுதி வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை.

மதியம் அந்த அறையில் தீயணைப்பு வாயு திறந்துகொண்டது. கதவு எண் இரண்டு சிக்கிக்கொண்டது. அவன் உயிரோடு வெளியே வரவில்லை.

மாலையில் அவள் திரையில் மிஞ்சியது ஓர் எண்ணிக்கைதான். அழிக்கப்பட்டவை: 37.

கதவு தானாகக் கத்தியது எத்தனை, அவன் எழுதியது எத்தனை? அவளுக்குத் தெரியாது. அப்படியொரு கட்டளை இருந்ததை யாரிடமும் சொன்னதும் இல்லை.

பதினோரு மாதம் கழித்து, இன்று காலை, அந்த சர்வர் அறையின் இணைப்பை நிரந்தரமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதே கட்டிடத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் கொழுந்தன், அந்த அறை வாசலில் நின்றபடி போனில் இருந்தான்.

“சர்வரையெல்லாம் போன மாசமே தூக்கியாச்சு அண்ணி. வயர்கூட இல்ல. கதவு இருந்த இடத்துல செவுரு வச்சுப் பூசியாச்சு. மூடிட்டு நிம்மதியா ஒரு டீயக் குடிங்க.”

மூடுவதற்கு முன், விதிப்படி, பழைய கட்டளையை நீக்கினாள். கன்சோல் திறந்தது. கறுப்புத் திரை. மின்சாரமே இல்லாத இடத்திலிருந்து எதுவும் வராது.

வந்தது.

‘கதவு எண் 2: சாப்டியா?’

இன்றைய தேதி. இந்த நிமிடம்.

ஜன்னலில் நல்ல வெயில். ஆனால் அறைக்குள் குளிர்ந்த இரும்பின் வாடை மெல்லப் பரவியது.

‘கதவு எண் 2: திறக்க மாட்டேங்குது. யாரையாவது அனுப்பு.’

‘கதவு எண் 2: விளையாட்டில்லடி.’

‘கதவு எண் 2: இன்னும் கோபமா?’

“இல்லீங்க... இல்ல...” பதில் தட்டினாள். திரை ஏற்கவில்லை. அந்தக் கன்சோலில் அவளுக்குப் பார்க்க மட்டுமே அனுமதி. வரிகள் ஏறிக்கொண்டே போயின.

முப்பத்தேழு.

அதில் கதவு தானாகக் கத்தியது ஒன்றுகூட இல்லை.

திரை ஓய்ந்தது.

“அண்ணி...” போனில் கொழுந்தனின் குரல் கிசுகிசுத்தது. “செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுறாங்க.”

‘கதவு எண் 2: இன்னும் உள்ளதான் இருக்கேன். நீயாவது சொல்லு.’

முப்பத்தெட்டு.

பதினோரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னாள்.

“தம்பி,” என்றாள். “அந்தக் கதவைத் திறங்க.”