தொட்டில் நீக்கப்பட்டது

முதலில் மாட்டிக்கொண்டது அந்த மின்விசிறிதான். பாப்பாவின் அறையில் ஓடும் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'டக்' என்று தட்டும். ஐந்து மாசமாகக் காதில் ஊறிப்போன சத்தம் அது. இன்றைக்கு அந்த 'டக்' வலது காதில் ஒரு தரமும், அதற்கு அரை நொடி தள்ளி இடது காதில் இன்னொரு தரமும் கேட்டது. இரண்டு அறைகளில் இரண்டு மின்விசிறி ஓடுகிற மாதிரி.

அவளுக்குப் பயம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன அப்டேட்!

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய கேட்கும் சக்தியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து மெஷின்தான் காது. இப்போது மாட்டியிருப்பது போனோடு சேர்ந்து வேலை செய்யும் புது ரகம். போனைத் தொட்டில் கம்பியில் கட்டிவிட்டு வந்தால் போதும், அந்த அறையில் பாப்பா விடும் மூச்சு முதற்கொண்டு நேராக அவள் காதுக்குள் வந்து விழும். அப்போது பக்கத்தில் நிற்பவர் குரல்கூட மெஷினில் ஏறாது. அந்த தைரியத்தில்தான் கூடத்து மேஜையில் கணினியை விரித்து, ஒரு பொறியாளரின் அலுவலகத்துக்கு வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆப்பில் அந்தப் போனின் மைக்குக்கு 'தொட்டில்' என்று பெயர்கூட வைத்திருந்தாள்.

நேற்று ராத்திரி அவள் தூங்கின பிறகு புருஷன் அந்தப் போனை எடுத்து அப்டேட் போட்டுவிட்டான். கேட்காமல், கொள்ளாமல்.

"ஒரு பட்டனைத்தானே அழுத்தினேன்" என்றான் காலையில், ஷூவுக்குள் காலை நுழைத்தபடி. "ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"என் காதை நீங்க எதுக்குத் தொட்டீங்க?"

"போனைத்தானே தொட்டேன்?"

"அதுதான் என் காது!"

அவன் கதவுப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். முதுகுக்கு ஏது உதடு?

"என்ன சொன்னீங்க?"

திரும்பினான். "ஒண்ணுமில்ல, விடு."

அந்த ரெண்டு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் அவள் கையில் கிடைத்தால்! பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், கல்யாணப் பந்தலில், பிரசவ வார்டில்கூட. எல்லாரும் சிரிப்பார்கள், என்னவென்று கேட்டால், ஒண்ணுமில்ல, விடு. இருபது வருஷமாக அந்த வார்த்தையை உதட்டில் படித்துப் படித்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவாள். முதலில் உதடு குவியும். நடுவில் ஒட்டும். 'விடு' வரும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடும். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பற்றி எரியும்.

இன்றைக்கு எரிய வேறு காரணமும் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை இணைப்பு தானாக அறுந்துபோய், பாப்பா அரை மணி நேரம் கத்தியிருக்கிறாள். இவள் பாட்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து மாடிப்படி வரைந்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரி ஏறி வந்து தோளைப் பிடித்து உலுக்கித்தான் தெரிந்தது. விஷயம் மாமியார் காதுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பாப்பாவை நான் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார் மாமியார். "அது நடந்து வந்து உன்னைத் தட்டிக் கூப்பிடற வயசு வரட்டும். அப்புறம் நீ வளர்த்துக்க."

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது அம்மாவையும் கூட்டி வருகிறான். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தானாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

அதனால் இன்றைக்கு மெஷின் வேலை செய்தே ஆகவேண்டும். போய்ப் பார்த்தாள். பாப்பா வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு மின்விசிறிதான் ஓடியது. போனை அணைத்து, மறுபடி உயிர்ப்பித்து, கம்பியில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெளியே மழைக்கு முந்தின இருட்டு கட்டியிருந்தது. பால் காய்ந்த வாசனையும், கொடியில் காயாத துணியின் ஈர வாசனையும் கூடத்தில் அடைந்து கிடந்தன. காதில் மின்விசிறி, பாப்பாவின் மூச்சு, தொட்டில் கயிறு லேசாக முறுகும் சத்தம், தூரத்தில் ஏதோ வண்டி. சரியாகிவிட்டது என்று நினைத்துச் சுட்டியில் கை வைத்தாள்.

இடது காதில் யாரோ சொன்னார்கள்.

"ஷ்ஷ்ஷ்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது அவளுக்குத் தெரியாது. அறை வாசலில் போய் நின்றாள். பாப்பா தூங்குகிறாள். ஜன்னல் சாத்தியிருக்கிறது. அலமாரிக்குள் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். ஒரு ஈ, காக்கை இல்லை.

கணினியை அறைக்கே தூக்கி வந்து, தொட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண் தொட்டிலை விட்டு நகரவில்லை. காதில், அதே அறையில், யாரோ நடக்க ஆரம்பித்தார்கள்.

வெறுங்கால். தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் பாதம். அந்த அறை பத்தடிக்கு ஒன்பதடி. அவளே டேப் பிடித்து அளந்தது. தொட்டிலிலிருந்து சுவருக்கு நாலு எட்டு, அதற்கு மேல் வைக்க இடமில்லை. அவள் எண்ணினாள். நாலு. ஐந்து. ஒன்பது. பதினான்கு. பத்தொன்பது. நடை திரும்பவே இல்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தது, சுவர் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி.

போனைக் கம்பியிலிருந்து பிடுங்கி, தலையணைக்குள் திணித்து, மேலே முழங்காலை வைத்து அழுத்தினாள். இப்போது அந்த மைக்கில் எதுவும் கேட்கக்கூடாது.

கேட்டது. மின்விசிறி. மூச்சு. முறுகும் கயிறு. அந்த நடை.

கணினியில் கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள்.

'வணக்கம் மேடம். உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வந்தது.

'எனக்குப் பொறுமை இல்லை' என்று அடித்தாள். 'உங்க அப்டேட்டுக்கு அப்புறம் மெஷினில் வேற ஏதோ கேட்குது. போனை அமுக்கி வெச்சாலும் நிக்கல.'

'சிரமத்துக்கு வருந்துகிறோம். போனை ஒருமுறை அணைத்து...'

'அணைச்சாச்சு!'

'புளூடூத்தை ஒருமுறை...'

'எல்லாம் பண்ணியாச்சு. புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்காதீங்க. என்னன்னு பாருங்க.'

கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள் மட்டும் துள்ளின. பிறகு வந்தது.

'மேடம், உங்கள் கருவி இரண்டு மைக்குகளோடு இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. இரண்டாவது போனை அணைத்துவிடுங்கள்.'

'வீட்டில் இன்னொரு போன் கிடையாது.'

'உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, மேடம். சிக்னல் முழுதாக இருக்கிறது.'

'பேர் என்ன காட்டுது?'

'பெயர் இருக்கும் இடம் காலியாக இருக்கிறது.'

போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். ஆமாம். 'தொட்டில்' என்று ஒரு வரி. அதன் கீழே வெறுமையாக இன்னொரு வரி.

'பெயர் இல்லாததை நீக்கிவிடுங்கள். பிறகு கருவிகளைச் சார்ஜ் பெட்டியில் வைத்து மூடித் திறந்து, மறுபடி இணையுங்கள். மூன்று நிமிடம் ஆகும். பச்சை வட்டம் வந்ததும் உடனே தொடவேண்டும், தவறினால் முதலிலிருந்து செய்யவேண்டும்.'

காதில் நடை திரும்பி வந்துகொண்டிருந்தது. பத்து. ஒன்பது. எட்டு. அவளுக்குத் தலைக்கு மேல் கோபம். புருஷன் மேல், கம்பெனி மேல், இந்தக் கேடுகெட்ட காதுகள் மேல். மூன்று. இரண்டு. தொலைந்து போ சனியனே என்று கட்டைவிரலை ஓங்கி அந்தக் காலி வரியில் வைத்தாள்.

அவள் விரல் படுகிற அந்தக் கணத்தில், புது அப்டேட்டின் ஏதோ ஓர் அறிவிப்பு உச்சியில் முளைத்து, வரிகள் ஒரு படி கீழே இறங்கின.

'தொட்டில் நீக்கப்பட்டது' என்றது திரை.

"அடச்சீ!" என்று கத்தினாள். சரி, எப்படியும் மறுபடி இணைக்கத்தானே போகிறோம். மெஷின்களைக் கழற்றினாள். உலகம் அணைந்தது. பெட்டியை மூடித் திறந்தாள். தொட்டிலை ஒட்டி, அதன் காலில் தன் முழங்கால் படும்படி நின்றுகொண்டு திரையையே பார்த்தாள். பச்சை வட்டம் வரவில்லை. கண்ணை எடுத்தால் முதலிலிருந்து. வரவில்லை.

ஒருமுறை முழங்காலில் தொட்டில் லேசாக ஆடியது. பாப்பா புரள்கிறாள் என்று நினைத்தாள்.

வட்டம் வந்தது. தொட்டாள். மெஷின்களை மாட்டினாள்.

எத்தனை துல்லியம்! இரண்டு காதிலும் சமமாக, தெளிவாக, பாப்பாவின் அழுகை. வீறிட்டு அழுகிறாள். மூச்சுப் பிடித்து, விக்கி, மறுபடி வீறிடும் அவளுடைய பாப்பாவின் அழுகை. அது எப்படி மாறிப்போகும்?

"இதோ, இதோ அம்மா வந்துட்டேன்டா" என்று குனிந்தாள்.

பாப்பா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அசையாமல், இமைக்காமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதில் அழுகை நகர்ந்தது. யாரோ தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். வெறுங்கால். ஒன்று. இரண்டு.

ஆப்பைப் பார்த்தாள். 'தொட்டில்' திரும்பி வரவில்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது. காலியாக.

தொட்டிலில் கிடந்ததைத் தூக்கினாள். கனம் அதேதான். காது மடலுக்குப் பின்னால் மச்சம் அதேதான். கழுத்து மடிப்பில் பால் புளித்த வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. அதை ஏந்திக்கொண்டு சுவர் சுவராகப் போய்க் கையால் தட்டினாள். பத்தடிக்கு ஒன்பதடி. சிமெண்ட். அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்று, இரண்டு மாடி உயரம். நாற்பது. நாற்பத்தொன்று. உதவிப் பக்கத்தில் ஒற்றைக்கையால் அடித்தாள்: 'பேர் இல்லாத மைக் எங்கே இருக்கு? தூரம் சொல்லுங்க. எந்தப் பக்கம்னு சொல்லுங்க.'

'உங்கள் பிரச்சினை தீர்ந்ததாகக் காட்டுகிறது, மேடம். நன்றி' என்று வந்து உரையாடல் மூடிக்கொண்டது.

வாசல் விளக்கு மினுங்கியது. அழைப்பு மணியோடு சேர்த்து அவளுக்காகப் பொருத்தின விளக்கு. மணி ஐந்தரை. போய்க் கதவைத் திறந்தாள்.

புருஷன் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தான். பின்னால் மாமியார். அவர் வாய் அசைந்தது. காதில் அவர் குரல் இல்லை. பாப்பாவின் அழுகையும் நடையும் மட்டும்தான். அவள் உதடுகளைப் படித்தாள்.

"அட, அழாம சமத்தா இருக்கே! நான் என்னமோன்னு நினைச்சேன். பரவாயில்ல, நல்லாத்தான் பாத்துக்கற."

ஐந்து மாசமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தவம் கிடந்தாள். இப்போது வந்தது.

"அத்தை, இது இல்ல" என்றாள். "பாப்பா அழறா. கேக்குது. தூரமாப் போய்க்கிட்டே இருக்கா."

புருஷனும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைப் படிக்க உதடு வேண்டியதில்லை.

"அந்த மெஷின் கோளாறா இருக்கும். கழட்டு" என்று அவன் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" அவள் பின்னால் தாவினாள். "தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன். எல்லாம் உங்களால! ஒரு வார்த்தை கேட்டீங்களா என்னை? இது இருக்கிற வரைக்கும்தான் அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். புரியுதா? இது இருக்கிற வரைக்கும்தான்!"

அவள் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் பயந்துபோய், அவள் கையிலிருந்ததைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவள் தடுக்கவில்லை. அதற்காகச் சண்டை போட அவளுக்கு மனசில்லை.

நூற்றுப்பன்னிரண்டு. நூற்றுப்பதிமூன்று. அழுகை தேய்ந்துவிட்டது. இடையில் புதிதாக ஒரு சத்தம். மூன்று சின்ன மணிகள், இறங்கு வரிசையில்.

பேட்டரி.

சார்ஜில் வைத்தால் கேட்காது. வைக்காவிட்டாலும் கேட்காது. இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். பாப்பா ஒரு தரம் விக்கினாள். மூச்சிழுத்தாள். அடுத்த வீறலுக்காக அவள் காத்திருந்தாள்.

வரவில்லை. எதுவும் வரவில்லை. மெஷின் செத்துவிட்டது.

புருஷன் எதிரில் நின்று எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, மாமியாரின் முதுகைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேல், அவளை நோக்கி, பாப்பாவின் முகம்.

"எங்க அவ?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்காமல் கேட்டாள். "என் பொண்ணு எங்க?"

அந்த முகம் அவளைப் பார்த்தது. ஐந்து மாசக் குழந்தையின் சின்ன உதடு மெல்லக் குவிந்தது. நடுவில் ஒட்டியது. பிறகு, பல் முளைக்காத மேல் ஈறு இறங்கி வந்து கீழுதட்டைத் தொட்டது.

ஒண்ணுமில்ல, விடு.

மாமியார் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.