அப்பாவின் முட்டி வலி

ஞாயிற்றுக்கிழமை அப்பா குவைத்துக்குத் திரும்புகிறார். அதனால் வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று கலைமதி முடிவு செய்துவிட்டாள்.

அதற்கு ஏற்ற மாதிரி, அரையாண்டு விடுமுறைக்காகத் திருமயம் பக்கத்துக் கண்மாயில் ஒரு நாள் முகாம் நடந்தது. காலையில் துடுப்புப் படகு. மதியம் சைக்கிளில் கண்மாய்க் கரையோரமாகப் போய், தைலமரக் காட்டைக் கடந்து, பாறைக்குன்றில் சாப்பாடு. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும்.

படகில் கலைமதி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அப்பா பின்னால், அவரும் மண்டியிட்டு. இருவருக்கும் இதுதான் முதல் தடவை. கலைமதி வலது பக்கமாகவே வேகவேகமாகத் துடுப்புப் போட்டாள். அப்பாவும் வலது பக்கமே போட்டார். படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

பக்கத்துப் படகிலிருந்து அவள் வகுப்பு சந்தோஷ் எட்டிப் பார்த்தான். “என்ன கலை, தண்ணியில கோலம் போடுறியா?”

அப்பா சிரித்துக்கொண்டே துடுப்பை இடது பக்கம் மாற்றினார். படகு நேரானது. அக்கரைக் கருவேல மரங்கள் வரை போய், கொக்குகளை விரட்டாமல் மெதுவாகத் திரும்பினார்கள். கரை வந்ததும் அப்பா சின்னப் பையனைப் போலக் குதித்து இறங்கினார்.

பிறகு முகாமை நடத்தும் செவந்தி அக்கா ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்தார். எல்லோரும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா மட்டும் சைக்கிளை ஆட்டுக்குட்டி மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மரத்தில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“முட்டி வலிக்குது ஆத்தா. நீ போயிட்டு வா. நான் இங்கிட்டு இருக்கேன்.”

கலைமதிக்கு முகம் வாடிப்போனது. பாதி நாள் இப்படியே போய்விடுமா? ஆனால் காலை முழுவதும் மண்டியிட்டிருந்த முட்டி, சைக்கிளைப் பார்த்ததும் எப்படி வலிக்கும்? அவள் மரத்தில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். புரிந்தது.

சந்தோஷ் காதில் விழுந்தால் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். அவள் செவந்தி அக்காவிடம் போய், தாங்கள் பின்னால் மெதுவாக வருவதாகச் சொன்னாள். காட்டு முனையில் காத்திருப்பதாக அக்கா சொல்ல, மற்ற சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு கிளம்பின.

எல்லோரும் போன பிறகு கலைமதி அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். “அப்பா, ஒங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதா?”

அப்பா செருப்பு நுனியால் செம்மண்ணைக் கிளறினார்.

“சின்ன வயசுல எங்க அக்கா கேரியர்ல உக்காந்தே பள்ளிக்கூடம் போனேன். அப்புறம் டவுன் பஸ். அப்புறம் நேரா லாரி. நடுவுல இது விட்டுப்போச்சு. நம்ம ஊர்ல பொம்பளைங்க எல்லாம் ஓட்டுறாங்க. நான் போய் எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

குவைத்தில் அவர் ஓட்டுவது வீடு நீளத்துக்கு இருக்கும் பெரிய டிரெய்லர். கலைமதிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

“யாருக்கும் தெரிய வேணாம். வாங்க, கத்துக்கலாம்.”

தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே அவள் சீட்டைக் கீழே இறக்கினாள். அப்பாவின் இரண்டு கால்களும் தரையில் ஊன்றின. முதலில் மிதிக்க வேண்டாம், காலால் தரையை உந்தினால் போதும் என்றாள். அவள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, அப்பா உந்தினார். சைக்கிள் கொஞ்ச தூரம் போய், புல்லின் மேல் சாய்ந்தது. அடுத்த தடவையும் சாய்ந்தது.

“போதும் கலை. எனக்கு வராது.”

கலைமதி கேரியரை விடவில்லை. “அப்பா, டிரெய்லர் ஓட்டுறப்ப எங்க பாப்பீங்க?”

“ரோட்டைத்தான். தூரத்துல.”

“அப்ப இங்க மட்டும் ஏன் முன் சக்கரத்தையே பாக்குறீங்க?”

அப்பா நிமிர்ந்தார். கரைப் பாதை நேராகக் காட்டை நோக்கிப் போனது. அங்கே பார்வையை வைத்து உந்தினார். சைக்கிள் ஆடியது, சாயவில்லை. ஒரு கால் பெடலைத் தேடிப் பிடித்தது. அடுத்த காலும் ஏறியது. அப்பா மிதித்தார். கலைமதி கேரியரைப் பிடித்தபடி ஓடினாள். கொஞ்ச தூரத்தில் அவர் வேகத்துக்கு ஓட முடியவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

அது அப்பாவுக்குத் தெரியவே இல்லை.

“கலை, பிடிச்சிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே அவர் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், தூரத்தையே பார்த்துக்கொண்டு.

பதில் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. மரத்தடிக்கு ஓடிப்போய்த் தன் சைக்கிளில் ஏறினாள். அதற்குள் அப்பா காட்டு முனையை நெருங்கிவிட்டார். அவரைப் பிடிக்க, அன்றைக்குக் கலைமதி எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது.