சீனித்தாய்க்கு ஒரு கோடு

காலையில் கம்ப்யூட்டர் திரையில், படத்தின் மேல் மூலையில் கிடந்த அந்த ஒற்றைப் புள்ளி, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது பாதித் தூரம் கீழே இறங்கியிருந்தது. முத்துசெல்வி அதை நகர்த்தவில்லை. வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆள் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. புருஷன் பூவனலிங்கம் மில்லில் சாயங்கால ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் முன்னறையில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஏழு வயது மகள் வள்ளிமயில் உள்ரூமில் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருந்தாள். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"சனியன், தானாவே நகருது" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த சாப்ட்வேரின் புத்தி அப்படித்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதுவாகவே ஒரு கணக்குப் போட்டுப் புள்ளிகளை இடம் மாற்றும். கோடு இருக்கும் புள்ளிகளைப் பக்கத்தில் இழுத்து, கோடு இல்லாததைத் தூரத்தில் எறிந்துவிடும். அப்படியானால் கோடே இல்லாத இது எப்படிக் கிட்டே வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, இந்த வேலையில் எதுதான் ஒழுங்காக நடந்தது என்று விட்டுவிட்டாள்.

வேலை அப்படி மண்டையைக் காயவைத்தது. அந்தக் கோடையில் கோவில்பட்டியில் அவர்கள் தெருவை அம்மை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பார்க்க, காசிராஜன் என்ற ஆராய்ச்சிக்காரர் ஆட்களை அனுப்பி, வீடு வீடாக யார் யாரோடு பழகுகிறார்கள், எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு விளையாடுகிறது என்று கேட்டு வாங்கியிருந்தார். அதைப் படமாக்கித் தரவேண்டியது முத்துசெல்வி. ஒரு புள்ளி ஒரு ஆள். இரண்டு பேருக்குப் பழக்கம் இருந்தால் நடுவில் ஒரு கோடு. ஒரு புள்ளியைத் தொட்டு, தொடர்புள்ளவற்றைத் தேர்ந்தெடு என்று சொன்னால், அதோடு கோட்டால் ஒட்டியிருப்பவை எல்லாம் மஞ்சளாகும். மஞ்சளானதில் வேண்டியதை வைத்துக்கொண்டு ஒரு குழுவாகக் கட்டிவிட்டால், அப்புறம் அதில் ஒன்றை இழுத்தாலே எல்லாம் சேர்ந்து வரும். கேட்க லேசாகத்தான் இருக்கும். செய்கிறவளுக்குத்தான் தெரியும் பாடு. பத்து வீட்டைக் கட்டி ஓரமாக வைப்பதற்குள் கரண்டு போய்விடும்.

அன்றைக்கு மிச்சம் இருந்தது அந்த ஒற்றைப் புள்ளி மட்டும்தான். அது தனியாகக் கிடந்ததால் அதையும் காட்டுவதற்காக மொத்தப் படமும் சுருங்கி, தெருவே கடுகு சிந்தியது மாதிரி பொடிப்பொடியாகத் தெரிந்தது. அழித்துவிட்டு அனுப்பினாள். காசிராஜன் உடனே போன் செய்துவிட்டார்.

"என்னம்மா, ஆள் கணக்கு உதைக்குதே. ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்து, எரிச்சலோடு அதன் மேல் மவுஸ் அம்பை வைத்தாள். பெயர் விரிந்தது. சீனித்தாய். வயது ஏழு. வீடு என்ற இடத்தில் அவர்கள் வீட்டுக் கதவு எண் இருந்தது.

எழுந்துபோய்ப் பூவனலிங்கத்தை உலுக்கினாள். "என்னங்க, எந்திரிங்க. சர்வே எடுக்க வந்தவங்ககிட்ட நம்ம வீட்டுல எத்தனை பேருன்னு சொன்னீங்க?"

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "நாலு."

"நாலா? உங்களையும் என்னையும் பிள்ளையையும் சேத்தா மூணுதான. அது யாரு சீனித்தாய்?"

பூவனலிங்கம் எழுந்து உட்கார்ந்தான். உள்ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நம்ம கன்னிட்டி. எங்க ஐயாவோட கூடப்பிறந்தவ. ஏழு வயசுல அம்மையில போய்ட்டா. எப்போதும்வென்றான் ஊர்ல இருந்து இங்கன குடிவந்தப்போ அவ பெட்டியையும் கொண்டாந்தோம்லா? வருசா வருசம் அதுக்குள்ள புதுசா சிவப்புப் பாவாடை எடுத்து வைக்கோம். வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா அவள விட்டுட்டுச் சொல்ல மாட்டோம். எங்க ஆளுக எல்லாம் அப்படித்தான் சொல்லுவாவ."

கலியாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னியாகக் கும்பிடுவது அவளுக்குத் தெரியாததில்லை. உள்ரூம் மூலையில் பலகையின் மேல் இருக்கும் ஓலைப்பெட்டிக்கு அவளும்தான் செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறாள். ஆனால் சர்வே எடுக்க வந்தவனிடம் போய் வீட்டு ஆளாகச் சொல்லிவைத்தால் கோபம் வராதா?

"உங்களால என் உசிரு போகுதுங்க. இப்ப இத நான் எங்கன கொண்டுபோய் வைக்க?"

"ஓரமா கிடந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அவ பேரோட வேற பிள்ளை பேரச் சேத்துச் சொல்லாத. பாவாடை மாத்துத அன்னைக்கு, அந்த வயசுப் பிள்ளைய நாங்க வீட்டுக்குள்ளயே வைக்க மாட்டோம், பக்கத்து வீட்டுக்கு அனுப்பிருவோம். தனியாப் போனவ பாரு. துணை தேடுவா."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் முத்துசெல்வி. பூவனலிங்கம் முகம் கழுவி, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் மில்லுக்குப் போனான்.

வெயில் இறங்குகிற நேரம். ஜன்னல் வழியே கரிசல் புழுதியும், தூரத்துத் தீப்பெட்டி ஆபீஸின் தீக்குச்சி மருந்து வாசனையும் வந்தன. அவள் திரும்பவும் போன் போட்டு, அந்தப் புள்ளி செத்துப்போன ஒரு பிள்ளை என்று காசிராஜனிடம் சொல்லப் பார்த்தாள். அவர் காது கொடுத்துக் கேட்கிற ஆள் இல்லை. "ஏழு வயசுப் பிள்ளை ஒருத்தர்கூடவும் பழகாம எப்படிம்மா இருக்கும்? அந்த வீட்டுலயே யார்கூடவாவது சேத்துவிடுங்க. ஆறு மணிக்குள்ள படம் வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

அவளுக்கு அழுகையாக வந்தது. ஒரு மாத வேலை, ஒரு புள்ளிக்காகப் போய்விடும் போலிருந்தது. ஒருத்தரும் சொல்வதைக் கேட்பதில்லை, புருஷனும் இல்லை, அந்த மனிதரும் இல்லை, இந்தப் பாழாய்ப்போன மெஷினும் இல்லை. திரையைப் பார்த்தாள். ஒற்றைப் புள்ளி இப்போது அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. வள்ளிமயிலின் புள்ளிக்கு நேர் கீழே. ஏழு வயதுக்குப் பக்கத்தில் ஏழு வயது.

பேரைச் சேர்த்துச் சொல்லத்தானே கூடாது. நான் வாயைத் திறந்தேனா என்ன? ஒரு கோடு. நாளைக்கு அழித்துவிட்டால் போயிற்று. சீனித்தாயின் புள்ளியைத் தொட்டு, வள்ளிமயிலின் புள்ளி வரைக்கும் இழுத்து விட்டாள்.

படம் ஒரு குலுங்கு குலுங்கி விரிந்தது. கடுகாகக் கிடந்த தெரு பளிச்சென்று திரை முழுக்க வந்து அமர்ந்தது. ஒரு மாதமாக அவள் கேட்டது இதைத்தான். மூச்சை விட்டுவிட்டு, சேமித்தாள்.

உள்ரூமில் வள்ளிமயில் மெல்லப் பேசுவது கேட்டது. மூன்று நாளாக வாயே திறக்காத பிள்ளை. வாய் ஓயாமல் பேசியது, நடுவில் யாரோ சொல்வதைக் கேட்பது போல நிறுத்தியது, பிறகு சிரித்தது. பிள்ளைக்குத் தெம்பு வந்துவிட்டது என்று முத்துசெல்விக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியாக, புதிதாகச் சேர்ந்த புள்ளியோடு அவர்கள் வீட்டை மறுபடி குழுவாகக் கட்டவேண்டும். தன் புள்ளியைத் தொட்டு, தொடர்புள்ளவற்றைக் கேட்டாள். பூவனலிங்கம் மஞ்சளானான். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் அக்கா மஞ்சளானாள். வள்ளிமயில் மஞ்சளாகவில்லை.

உற்றுப் பார்த்தாள். தனக்கும் மகளுக்கும் நடுவில் கோடு இல்லை. முதல் நாளே, முதல் கோடாக அவள் போட்ட கோடு. தவறிப்போய் அழித்திருப்போம் என்று திரும்பப் போட்டாள். போட்டுவிட்டுக் கையை எடுத்ததும் கோடு போய்விட்டது. இன்னொரு முறை போட்டாள். அதுவும் போனது. பூவனலிங்கத்துக்கும் வள்ளிமயிலுக்கும் நடுவில் இருந்த கோடு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நிதானமாகத் தேய்ந்து மறைந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கோடுகள், டியூஷன் அக்காவின் கோடு, ஒவ்வொன்றாக. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க முத்துசெல்வி ரொம்பவும் பிரயாசைப்பட்டாள்.

வள்ளிமயிலின் புள்ளியைத் தொட்டாள். இரண்டு புள்ளிகள் மஞ்சளாயின. வள்ளிமயில். சீனித்தாய். வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் கோட்டை அழித்தாள். கோடு போனது, மஞ்சள் போகவில்லை. குழுவைப் பிரிக்கச் சொன்னாள். பிரியவில்லை. அவள் கட்டாத குழு. சீனித்தாயையே அழிக்கப் பார்த்தாள், இரண்டு புள்ளிகளும் சேர்ந்து மங்கின. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டாள்.

கரண்டு போனது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. யூ.பி.எஸ். கீச், கீச் என்று கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உள்ரூமில் பேச்சு நின்றுபோயிருப்பதைக் கவனித்தாள்.

"வள்ளி."

நாற்காலியில் இருந்தபடியே குரலை உயர்த்தினாள்.

"ஏட்டி வள்ளி, அம்மா கூப்பிடுதேன்லா."

கீச். கீச். வேப்பிலை வாடையை மீறி ஒரு வாசனை வந்தது. கடையில் பிரித்துப்போடும் புதுத் துணியின் கஞ்சி வாசனை. செய்ததை ரத்து செய்யும் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒன்று. இன்னொன்று. போய்த் தொலை. போய்த் தொலை. யூ.பி.எஸ். ஒரே இழுப்பாக ஊளையிட்டு நின்றது. திரை அணைந்தது.

எழுந்து உள்ரூமுக்குப் போனாள்.

சின்ன ஜன்னலின் மங்கல் வெளிச்சம். ஓலைப்பெட்டி திறந்திருந்தது. மூடி ஒழுங்காகப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. பாயில் வள்ளிமயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே அந்தச் சிவப்புப் பாவாடை. விரித்துப் போட்டிருக்கவில்லை. மடித்தும் வைத்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தது. இரண்டு முழங்கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் துணி மேடாக இருந்தது. இடுப்பு நாடா முடிச்சுப் போட்டு, வட்டமாக நின்றது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

வள்ளிமயிலின் வலது கை முன்னால் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மூடியிருந்தன.

"வள்ளி. எந்திரி. வெளிய போவோம் வா."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் போகிற யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"யாரத் தேடுதீங்க, அத்தை?"

"நான் அம்மாட்டி. அம்மா."

"எங்களுக்கு அம்மா கிடையாது" என்றாள் வள்ளிமயில், வருத்தமே இல்லாமல். "நாங்க ரெண்டு பேருந்தான்."

முத்துசெல்வி பாய்ந்துபோய் அவள் இடது கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை பாயோடு ஒரு அடி நகர்ந்தாள். பாவாடையும் ஒரு அடி நகர்ந்தது. இன்னும் இழுத்தாள். அதுவும் வந்தது. அதே இடைவெளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முன்னறை. வாசல்படி. தெரு.

தெருவில் ஒருவரும் இல்லை. மெயின் ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் அக்கா வீட்டில் அப்போதுதான் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பத்து அடி நடந்தால் அங்கே போய்விடலாம். தோளில் பிள்ளை சூடாக இருந்தாள், மூச்சு விட்டாள், கனமெல்லாம் வழக்கமான கனம்தான். அவளுடைய வலது கை மட்டும் அம்மாவின் தோளைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தது.

திரும்பாமல் இருந்திருக்கலாம். திரும்பினாள். பிள்ளையின் கை அவள் தோளைச் சுற்றி வந்து வாசல் பக்கமே நீண்டது.

வாசல்படிக்கு உள்ளே, பாவாடை நின்றுகொண்டிருந்தது. ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில். கீழே கால்கள் இல்லை, கரை மட்டும் தரையைத் தொடாமல் லேசாக ஆடியது.

முத்துசெல்வி பின்னால் ஒரு அடி வைத்தாள். அது படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

"மெதுவா போங்க அத்தை" என்றாள் வள்ளிமயில், அவள் காதோடு. "அவளுக்குக் கால் வலிக்குதாம்."

பிள்ளையை இறக்கிவிடவும் கை வரவில்லை, இன்னொரு அடி வைக்கவும் கால் வரவில்லை. இருட்டத் தொடங்கிய தெருவில் முத்துசெல்வி மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். எதிரே, மகளின் நீண்ட கைக்கு எட்டும் தூரத்தில், பாவாடை அவள் அடுத்த அடி எடுத்து வைப்பதற்காகக் காத்து நின்றது.