மேர்சிக்கு இடமில்லாத ஊர்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்து மேட்டுத் தெருவில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தின் படிகளை ரகுநாதன் மூச்சு வாங்க ஏறினார். பின்னேரம்தான், ஆனால் மார்கழி வெளிச்சம் அதற்குள் செத்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் அன்று அவருக்குக் கடைசி நாள். ஒப்பந்தத்தை இனி நீட்டிக்க முடியாது என்று சிரித்த முகத்தோடு கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவின் ஆரம்பகாலச் சமூகத்தை ஆராய்கிறேன் என்று இறங்கி அவர் பட்டது நாய்படாத பாடு. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் புது ஊர், புது வாடகை வீடு. "வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பிள்ளை பெறுவம்" என்று மனைவி பிறேமாவிடம் சொல்லிச் சொல்லியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது அதைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவள் மேர்சி என்ற வேலைக்காரப் பெண். முந்நூறு வருடத்துக்கு முந்தியவள். அந்தக் காலத்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், கலியாணமாகாதவள் எந்த ஊரில் பிள்ளை பெறுகிறாளோ, அந்தப் பிள்ளை அந்த ஊருக்கே சொந்தம். சோறு போடுவதும் ஊர்தான். அதனால் வயிற்றுப்பிள்ளையோடு அலைகிறவளைக் கண்டால் காவற்காரன் வந்து, ஊரின் பேரால் போகச் சொல்லுவான். அப்படி ஊருக்கு ஊர் துரத்தப்பட்டு, ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் சாக்குத் துண்டுமாகப் பனியில் விறைத்துச் செத்தவள் அவள். அந்தச் சாவைச் சொல்லி ரகுநாதன் எத்தனையோ மேடைகளில் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளி மணத்தது. கூடவே விறகுப் புகை.

"சத்தம் போடாதேங்கோ," பிறேமா கிசுகிசுத்தாள். "உள்ளுக்கு ஒரு பிள்ளைத்தாச்சி படுத்திருக்கிறா."

"ஆர்?"

"தெரியேல்லை. கதவைத் தட்டிக்கொண்டு நிண்டா. கதைக்கிறதும் விளங்கேல்லை. வயித்துப்பிள்ளையோடை வந்தவளை வாசலிலை வைச்சு விசாரிக்கிறதே? கஞ்சி குடுத்துப் படுக்க வைச்சனான்."

ரகுநாதன் சின்ன அறையை எட்டிப் பார்த்தார். தொட்டில் போடுவதற்கென்று ஒவ்வொரு வீட்டிலும் பிறேமா ஒதுக்குகிற அறை. கடைசியில் அவருடைய புத்தகங்கள்தான் அதில் குடியேறும்.

கட்டிலில் ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

ஒன்றில் சப்பாத்து.

மற்றதில் சாக்கு.

ஹீட்டர் கொதித்தது. ஆனாலும் அவர் விட்ட மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. அவளிடமிருந்து மூச்சே வரவில்லை. வயிறு மட்டும் தனியாக அசைந்தது.

அவருக்கு முதலில் வந்த நினைப்பு ஒன்றுதான். இங்கே பெற்றுவிட்டால்?

போகச் சொல்லும் வாசகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சொல்ல வாய் கூசியது. அகதியாக வந்த புதிதில், ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து அவருக்கும் ஏறக்குறைய அதே வாசகம்தான் சொல்லப்பட்டது. இருந்தாலும் பயம் வெட்கத்தை வென்றது.

"மேர்சி," என்றார், அவளுக்குப் புரியும் பழைய ஆங்கிலத்தில். "இந்த ஊரின் பேரால் சொல்கிறேன். போய்விடு."

அவள் மறுக்கவில்லை. பழகிய காரியம்போல் எழுந்து, அவரைக் கடந்து நடந்தாள். வாசற்கதவு திறக்கவேயில்லை, ஆனால் வெளியே படிகளில் ஒற்றைச் சப்பாத்தின் சத்தம் கீழே இறங்கியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கடந்து போனபோது அவளுடைய வயிறு ஒட்டிக் கிடந்தது.

அறைக்குள் ஏதோ முனகியது. அவருக்கு முன்னால் பிறேமா உள்ளே போயிருந்தாள். கட்டில் விளிம்பில் குந்தியிருந்து, சுருட்டிய சால்வை ஒன்றை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். சால்வைக்குள் ஒன்றும் இல்லை. அவளுடைய மடி மட்டும் ஈரமாக இருந்தது.

"பிறேமா, அதை வையும். அங்கை ஒண்டும் இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருட அலுப்பும் அந்த முகத்திலிருந்து போயிருந்தது.

"உங்கடை மேர்சியின்ரை கதையை எத்தினை தரம் கேட்டிருப்பன்," என்றாள் மெதுவாக. "இது இஞ்சை பிறந்த பிள்ளை. இதைப் போகச் சொல்ல உங்களுக்கு ஏலாது."

சால்வையைப் பிடுங்க அவர் கை நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத குளிர்ந்த ஒன்று அவருடைய விரலைப் பற்றிக்கொண்டது.

அவர் இழுத்தார்.

அது விடவில்லை.