ஒரு பொந்து குறைவு

எவெலியோ ஹிரால்டோ வடிவமைத்த மழலையர் இல்லத்தில் முதன்முதலாக வழுக்கி விழுந்த பெருமையும் எவெலியோ ஹிரால்டோவையே சேரும். தன் வளைவுச் சுவரைத் தானே ரசித்தபடி பின்னால் நகர்ந்தவன், ஆற வைத்திருந்த வெல்லத்தண்ணீர்ப் பானையைக் காலால் கவிழ்த்து, அதிலேயே சறுக்கி, வாழைத்தார் சாய்ந்த மாதிரி உட்கார்ந்தான்.

மூன்று வயதுப் பிள்ளைகள் முன்னால் ஒரு தடியன் விழுந்தால் சிரிக்காத வகுப்பு உலகத்தில் கிடையாது. இங்கே ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்கள்.

"மெதுவா விழக் கூடாதா ஆர்க்கி?" ஆசிரியை ரூபியெலா துடைக்கும் துணியை அவன் மடியில் போட்டாள். கட்டடக் கலைஞன் அந்த ஊர் வாயில் 'ஆர்க்கி', ஆசிரியை 'ப்ரொஃபே'. "சுவரைத்தான் கோணலா போட்டீங்க, நீங்களாச்சும் நேரா நிக்கலாம்ல."

"பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு, ப்ரொஃபே?"

"பேன்ட் நனைஞ்சிருச்சு பாருங்க."

பேச்சை மாற்றினாள். அவனைத் தொலைபேசியில் அழைத்தபோதும் இப்படித்தான். மாலையானால் பிள்ளைகள் ஒன்றாக எழுந்துபோய்ச் சுவர்ப் பொந்துகளுக்குள் புகுந்துகொள்கிறார்கள், நேரில் வாருங்கள் என்றாள். ஏன் என்றால் வேறு பேச்சு. பொந்துகள் அவ்வளவு பிடித்துவிட்டதாக்கும் என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் அவன் உள்ளுக்குள் பூரித்தான். பரிசு வாங்கித் தந்த பொந்துகள் அல்லவா.

உதட்டில் விரல் வைத்த பிள்ளைகளைப் பார்த்ததும் அந்தப் பூரிப்பு வடிந்தது. பொந்துகள் எப்படி வந்தன என்பது அவனுக்கும் அவன் கணினிக்கும் மட்டுமே தெரியும்.

நிரலில் பிள்ளைகள் வெறும் புள்ளிகள். புள்ளிகள் ஓடி விளையாடும் போக்கைப் பார்த்துக் கணினி சுவர்களை நகர்த்தும், வளைக்கும். ஆனால் அந்தப் புள்ளிகள் ஓடவே இல்லை. கடைசிப் பேருந்துக்கு நிற்கும் கூட்டம்போல வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. போட்டிக்கு அனுப்பவேண்டிய கெடுவோ கழுத்தில் மூச்சு விட்டது. அதனால் ஒரு கறுப்புப் புள்ளியைச் சேர்த்தான். துரத்துவதற்கு. ஒவ்வொரு வளைவிலும் அது நிற்கும், காது கொடுக்கும், சத்தம் வந்த பக்கம் திரும்பும். அது தொட்ட புள்ளி அழிந்துவிடும்.

என்ன அழகாக ஓடின. ஒளியத் துடித்த இடமெல்லாம் சுவர் குழிந்து கொடுத்தது. ஆனாலும் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு புள்ளி பொந்து கிடைக்காமல் மாட்டியது. எவெலியோவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஒன்று போனால் பரவாயில்லை என்று கணினிக்குச் சொல்லிவிட்டு, ஆறிப்போன சோள அடையைத் தின்றுவிட்டுப் படுத்தான்.

காலையில் கறுப்புப் புள்ளியை மட்டும் நீக்கினான். நீக்கி என்ன? சுவர் முழுக்க அதன் அச்சுதான்.

பொழுது சாய, மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளுத்துப்போக, காப்பித் தோட்டத்து ஈரமும் புதுச் சுண்ணாம்பும் கலந்த வாசனையின் அடியில் சூடேறிய கம்பியின் நெடியொன்று, மூடிவைத்த பெட்டியைத் திறந்தால் வருவதுபோல, தாழ்வாரத்தின் கோடியிலிருந்து மெல்லப் பரவியது. பிள்ளைகள் எழுந்தார்கள். ஓடவில்லை, ஓடினால் சத்தம் வரும். குதிகாலைத் தூக்கி நடந்து, ஆளுக்கொரு பொந்தில் மடங்கிக்கொண்டார்கள்.

சலோமே என்ற சிறுமி மட்டும் நடுவில் நின்றாள்.

"அவளுக்கு இடம்?"

"புதுசா வந்தவ," என்றாள் ரூபியெலா, கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து. எப்போது அங்கே போனாள்?

எவெலியோ சிறுமியைத் தூக்கினான். இறகுக்கனம். பக்கத்துப் பொந்தில் நுழைக்கப் பார்த்தான்; உள்ளே இருந்த பையன் மூச்சை இழுத்து ஒடுங்கினான். அப்படியும் அவள் தோள் நுழையவில்லை. அடுத்த பொந்து. அதிலும் இல்லை. சரியாக ஒரு பிள்ளை அகலம். விரயம் இல்லாத வடிவமைப்பு என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

"கதவைத் திறங்க, ப்ரொஃபே."

"திறந்தா அது வெளிய வந்துரும் ஆர்க்கி. ஊர் முழுக்கப் பிள்ளைங்க."

தாழ்வாரத்தில் ஏதோ நகர்ந்தது.

நின்றது.

முதல் வளைவு.

சிறுமியின் பற்கள் கிட்டித்தன. அவன் தன் கோட்டுக்குள் அவளை மூடினான்.

நகர்ந்தது. நின்றது.

"மாமா," அவன் வயிற்றோடு கிசுகிசுத்தாள் சலோமே, "நீங்க ரொம்பப் பெரிசு. உங்களுக்கு எந்தப் பொந்தும் பத்தாது."

"தெரியும்மா. நான்தான் அளவெடுத்தேன்."

அவளைச் சுவரோரம் தரையில் இருத்தினான். அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றான். சத்தம் போட்டால் அவன் பக்கம் திரும்பும். அவன் எழுதிய விதி. காலால் தரையை உதைத்தான். ஒருமுறை. இன்னொரு முறை.

கம்பி நெடி கண்ணைக் கரித்தது.

கடைசி வளைவு. சுவரில் நிழல் இல்லை. சுவர்தான் கறுத்துக்கொண்டு வந்தது. பொந்துகளில் இருந்த கண்களெல்லாம் ஒன்றாக மூடின.

"ப்ரொஃபே." திரும்பாமலே கேட்டான். "இந்தத் தடவையாச்சும் நேரா சொல்லுங்க. இதுவரைக்கும் யாரைத் தொட்டுச்சு?"

கண்ணாடிக்கு அப்பால் அவள் அழுவது கேட்டது.

"தெரியாது ஆர்க்கி. தொட்ட பிள்ளை யாருன்னு யாருக்கும் நினைவு இருக்கறதில்ல. பெத்தவங்க யாரும் தேடி வர்றதுமில்ல. தூங்க வைக்கிறப்போ ஒரு பாய் மிஞ்சும். இடம் காலின்னு மறுநாளே புதுப் பிள்ளைய புதுப் பாயோட அனுப்பிடறாங்க. இப்ப அலமாரியில பாய் வைக்க இடமில்ல."